அடையாளமில்லாத வரிகள்

அப்பாவுக்கு மாத்திரையை இரண்டாம் தடவை கொடுத்தது பெரியவரின் கைதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவருக்கே இல்லை. ஆனால் தப்புச் செய்தவர்தான் முதலில் குரலை உயர்த்த வேண்டும் என்று எங்கேயோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் போல. மருத்துவர் வந்து பார்த்து, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, கால்மாட்டை உயர்த்தி வையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனதும், பெரியவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். வீட்ல வச்சுப் பாத்துக்கற விஷயமா இது? சின்னவ கொடுத்துட்டுப் போனது எனக்கு எப்படித் தெரியும்? நல்லதா ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். நர்ஸ் இருக்காங்க, மணி அடிச்சா ஓடி வராங்க. அங்க விட்டுடலாம்."

படுக்கையில் இருந்தது அவருடைய அப்பா. வாழ்நாளெல்லாம் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, நாக்கும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. புத்தி மட்டும் முன்னைவிடக் கூர்மை. திருப்பிப் படுக்க வைக்கும்போது, "கண்ணாடி... பாத்தியா? பின்னால... வண்டி வருது" என்று இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிக்க வைப்பார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இருந்தது மூன்று பிள்ளைகள். மூத்தவர் டைல்ஸ் கடை வைத்திருக்கும் இந்தப் பெரியவர். நடுவில் மகள், அவள் வீட்டில்தான் அப்பா கிடந்தார். கடைசி, கால் சென்டரில் ஷிஃப்ட் பார்க்கும் சின்னவள்.

நடு மகள் அண்ணன் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, நனைந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நான் இருக்கற வரைக்கும் அப்பாவ எங்கயும் அனுப்ப மாட்டேன்."

"சரி. இன்னும் ஒரே ஒரு தப்பு. அப்புறம் நான் யாரையும் கேக்க மாட்டேன், வண்டிய வரச் சொல்லிடுவேன்" என்றார் பெரியவர்.

அவள் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள்.  கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் அவன் என்ன மனுஷன். "நான் ஒரு வழி பண்றேன்" என்றான்.

அவனைக் கமா என்று கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் வைத்த பெயர். ஒரு நிறுவனம் தன் சரக்குப் பட்டியலை ஒரு வடிவத்தில் அனுப்பும், வாங்குகிற நிறுவனத்துக்கு அது வேறு வடிவத்தில் வேண்டும். நடுவில் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பதுதான் இவன் பிழைப்பு. ஆயிரக்கணக்கான வரிகளில் எவனோ ஒருவன் ஒரு கமாவை விட்டிருப்பான், மொத்தமும் படுத்துவிடும். அதைத் தேடிப் பிடிக்க இவனை விட்டால் ஆளில்லை. பெயரைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சின்னவளும் "கமா அத்தான்" என்றே கூப்பிடுகிறாள். அவன் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே.

தெம்பு அந்த வீட்டில் யாருக்கும் மிச்சமில்லை. சலவை இயந்திரம் ஓய்ந்த நேரமே கிடையாது. நாற்காலி முதுகு, கதவு, ஜன்னல் கம்பி என்று எங்கு பார்த்தாலும் விரிப்புகள் காய்ந்தன. படுக்கைப் புண் வராமலிருக்க மாமனாரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் பொருத்தும் வேலையில் இருந்த அவன் மனைவி, நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அப்பாவின் அறையிலேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டாள். "உங்களுக்கு ஆபீஸ் இருக்கு, நீங்க உள்ள தூங்குங்க" என்று சொல்லிக் கமாவை இன்னொரு அறைக்கு அனுப்பிவிட்டாள். சின்னவளும் பெரியவரும் பகலில் முறை வைத்து வந்து போனார்கள்.

நால்வருக்கும் போனில் ஒரு குழு இருந்தது. யார் என்ன செய்தாலும் அதில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. எழுதினார்கள், எழுதாமல் இல்லை. "கொடுத்தாச்சு" என்று சின்னவள் எழுதுவாள். எதைக் கொடுத்தாள், எப்போது கொடுத்தாள் என்பதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம். அதற்கு மேலேயும் கீழேயும் அவளே அனுப்பிய பூனை வீடியோ, பெரியவர் அனுப்பும் பூப்போட்ட காலை வணக்கம், கடைக்கு வந்த புது டைல்ஸின் படம். அந்தக் கூட்டத்தில்தான் மாத்திரை காணாமல் போனது.

கமா முதலில் கொண்டு வந்தது அட்டவணை. எக்செல் தெரியாத ஆள் உண்டா? நேரம் ஒரு கட்டம், மருந்து ஒரு கட்டம், கொடுத்தவர் ஒரு கட்டம். போனிலேயே திறந்து நிரப்பலாம். சில நாள் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு நாள் பெரியவருக்கு, கடையில் சரக்கை அடுக்குகிற கை சும்மா இருக்கவில்லை. மருந்துப் பெயரெல்லாம் தாறுமாறாக இருக்கிறதே என்று அந்த ஒரு கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிட்டார். மருந்துகள் மட்டும் மேலும் கீழும் ஓடின. நேரங்கள் நின்ற இடத்தில் நின்றன. தூக்க மாத்திரை காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தது. நடு மகள் மாத்திரையை நிறம் பார்த்தே கண்டுபிடிப்பவள் என்பதால் தப்பித்தார்கள்.

"எங்க கடையில இப்படித்தான் பண்ணுவோம்" என்றார் பெரியவர். கொஞ்சம் யோசித்து, "இது என்னோட தப்பு. இது கணக்குல வராது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்தது ஜேசன். அலுவலகத்தில் கமா நாள் முழுக்கப் புழங்குகிற வடிவம். நெளி அடைப்புக்குள் எல்லாம் வரும், பெயர் இந்தப் பக்கம், மதிப்பு அந்தப் பக்கம், இரண்டுக்கும் மேற்கோள் குறி, நடுவில் முக்காற்புள்ளி, ஒவ்வொன்றுக்கும் பிறகு கமா. எக்செல் மாதிரி ஒன்று நகர்ந்து இன்னொன்று நிற்காது. மருந்தும் நேரமும் ஒரே அடைப்புக்குள் ஒட்டியே இருக்கும். ஒரு மாதிரி எழுதிக் கொடுத்து, இதைப் பார்த்து நிரப்புங்கள் என்றான். சின்னவள் ஒரு காலை முழுக்க நடந்ததையெல்லாம் ஒரு கையாலேயே எழுதி அனுப்பினாள். பதினான்காவது வரியில் பிழை என்று கம்ப்யூட்டர் மொத்தத்தையும் திருப்பி அடித்தது. ஒரு கமா விட்டுப்போயிருந்தது.

"அத்தான், ஒரு கமா இல்லைனா மீதி எல்லாம் நடக்காத மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டாள். "இதைக் கண்டுபிடிச்சவன் வீட்ல யாருக்கும் உடம்புக்கு வந்ததே இல்ல போல."

 கமா எக்ஸ்எம்எல் என்ற அடுத்த வடிவத்தை எடுத்தான். அதில் கமாத் தொல்லை கிடையாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திறக்க வேண்டும், முடிந்ததும் பெயர் சொல்லி மூட வேண்டும், அவ்வளவுதான். "திறந்தா மூடணும். இது ஒண்ணுதான் விதி" என்றான். அவன் மனைவி அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "இந்த வீட்ல அலமாரிக் கதவையே ஒருத்தரும் மூடறதில்ல" என்றாள். அவள் சொன்னபடிதான் ஆயிற்று. பெரியவர் திறந்ததை மூடவில்லை. போதாததற்கு, திறக்காத ஒன்றிரண்டை மூடினார். ஒரு வாய் தண்ணீர் குடித்ததை எழுத, குடித்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

கடைசியாக யாமல் என்ற வடிவம். அடைப்பு இல்லை, மேற்கோள் இல்லை, மூடுகிற வேலை இல்லை. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. எது எதற்குள் அடங்கும் என்பதை வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளியை வைத்தே சொல்லிவிடலாம். சின்னவளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. ஆனால் அவளுடைய போன், தேவையில்லாத இடைவெளி என்று அவற்றை விழுங்கிவிட்டது. மாலையின் கீழ் எழுதிய மருந்து நகர்ந்துபோய் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. "என்னங்க இது, வெத்து இடத்துக்கெல்லாம் அர்த்தம் இருக்குன்னா மனுஷன் எங்க போறது?" என்று மனைவி கேட்டாள். கேட்டது கேலியாகத்தான். குரலில் மட்டும் கேலி இல்லை.

பெரியவர் தினமும் கேட்க ஆரம்பித்தார். "என்ன மச்சான், உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? நான் இல்லத்துக்குப் போன் பண்ணட்டுமா?"

அலுவலகத்தில் கமாவின் குழுத் தலைவி ஒரு தினுசான பெண்மணி. நல்லவள், ஆனால் புதுசாக எதையும் உண்டாக்குவது என்றாலே அவளுக்குத் தலைவலி வரும். மதியம் சாப்பிடும்போது, சொந்தமாக ஒரு எழுத்துமுறை செய்யலாமென்று இருக்கிறேன் என்று கமா சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? உலகத்துல இருக்கற வடிவம் போதாதா? அதுக்கெல்லாம் சரிபாக்கற கருவி இருக்கு, படிக்கற நிரல் இருக்கு, கேட்டா சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. உன்னோடதுக்கு நீ ஒருத்தன்தான். நாளைக்கு நீ படுத்துட்டா யார் பாப்பா?"

"தெரியும் மேடம். பத்து வருஷமா நானும் இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"அந்த வடிவம் எல்லாம் மெஷினும் மெஷினும் பேசிக்கறதுக்குப் பண்ணது. நடுவுல மனுஷன் வந்தா மூஞ்சத் திருப்பிக்குது. இத எழுதப் போறவங்க ஒரு கையால எங்க மாமனாரைத் தாங்கிக்கிட்டு இன்னொரு கையோட கட்டைவிரலால எழுதறவங்க. அவங்ககிட்டப் போய் அடைப்பப் போடு, மூடுன்னா எப்படி?"

"மொத்தம் எத்தனை பேர் எழுதுவாங்க?"

"மூணு பேர்."

"மூணு பேருக்கு ஒரு மொழியா?"

"அவங்க ஏற்கெனவே ஒண்ணுல எழுதிட்டுத்தான் இருக்காங்க. நான் அதப் படிக்கக் கத்துக்கிட்டா போதும்."

அவள் இவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், இரண்டு நாள் தாடி, சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தான். "பண்ணித் தொலை. ஆனா ஆபீஸ் நேரத்துல பண்ணாத" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கமா குழுவின் பழைய செய்திகளை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தான். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. சின்னவள் எதைக் கொடுத்தாலும் முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. அப்பா வேண்டாம் என்று தள்ளிவிட்டால் ஒரு கழித்தல். பெரியவர் எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஓகே' போடுவார், ஏதாவது சந்தேகமென்றால் மூன்று கேள்விக்குறி. தன் மனைவி மணியை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறாள் என்பதையும் அன்றுதான் கவனித்தான். இவர்களிடம் இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்துக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

அதற்கப்புறம் வேலை தானாக நடந்தது. கூட்டல் என்றால் கொடுத்தாயிற்று, ஓகே என்றாலும் அதேதான். கழித்தல் என்றால் மறுத்துவிட்டார். கேள்விக்குறி ஒன்றோ மூன்றோ, சந்தேகம். திருப்பிப் படுக்க வைத்தால் ஒரு நட்சத்திரம். மணியை எழுதினால் எடுத்துக்கொள்ளும், எழுதாவிட்டால் செய்தி வந்த நேரத்தைப் போட்டுக்கொள்ளும். முன்னால் மணியோ இந்த அடையாளங்களோ எதுவும் இல்லாத வரியைத் தள்ளிவிடும். பூனை வீடியோவும் காலை வணக்கமும் ஒழிய வேண்டாமா? அந்த விதிக்காகவே சின்னவள் அவனுக்குக் கைகொடுத்தாள். குழுவில் வந்து விழுகிற வரிகளை அவன் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் படித்து, ஒரு பக்கத்தில் அட்டவணையாகப் போட்டது. கொடுத்தது பச்சை, கொடுக்க வேண்டியது மஞ்சள், தாண்டிப்போனது சிவப்பு. எழுதுகிறவர் எப்போதும் போல எழுதினால் போதும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு தப்புக்கூட நடக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. பெரியவர் வந்ததும் போனில் பக்கத்தைத் திறப்பார், மஞ்சள் இருந்தால் எடுத்துக் கொடுப்பார், "ஓகே" என்று எழுதுவார், பச்சையாகும். மாமனார்கூடச் சாயங்காலங்களில் அதைத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் பார்ப்பார். "எல்லாம்... பச்சை" என்பார். "நிக்காம... போகலாம்."

குழுவில் தன் வரியை எழுதிவிட்டு மூடுவதோடு சரி, மற்றவர்கள் எழுதியதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எழுதுவதற்கு மட்டும் அது, படிப்பதற்குத்தான் பச்சைப் பக்கம் இருக்கிறதே. பெரியவர் குழுவின் சத்தத்தையே அணைத்து வைத்துவிட்டார். கமாவும்தான். அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே டிங் டிங் என்று அடித்தால் என்ன செய்வது. ஆனால் பக்கத்தை மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வான். இவ்வளவு அசதியிலும் அதைப் பார்க்கையில் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பொய் சொல்வானேன், பெருமைதான்.

மனைவி மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவன் எப்படி வேலை செய்கிறது பார்த்தாயா என்று பக்கத்தைக் காட்டினால், "ம், நல்லா இருக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முன்பெல்லாம் அவன் வீட்டுக்கு வந்ததும் அப்பா அன்று அடித்த கூத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டான். தப்பு நடந்துவிடுமோ என்ற பயம் விட்டுப்போன நிம்மதி என்றும் நினைத்துக்கொண்டான். தனக்குச் சௌகரியமாக இருப்பதை நினைத்துக்கொள்ள மனிதனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, புண் ஒன்றும் இல்லை, அழுத்தம் சீராக இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறீர்களோ நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமனாரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பெரியவருக்கு அன்று நல்ல மனசு.

"நான் ஒத்துக்கறேன்" என்றார். "மச்சான் சாதிச்சுட்டார். இல்லமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பா இங்கயே இருக்கட்டும். இதே மாதிரி ஒண்ணு என் கடைக்கும் பண்ணிக் கொடுங்க. கொட்டேஷன் எழுதியே என் விரல் தேயுது."

கமா சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தான். அவளுக்காகத்தானே இத்தனையும். அவள் சிரிக்கவில்லை.

"அப்பாவ அந்த இல்லத்துக்கு அனுப்பிடலாம்ணா" என்றாள்.

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. பெரியவர் தங்கையையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடி சொல்ற? நீதான அனுப்ப மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"நின்னேன். அது அப்போ. அதுக்கப்புறம்தான் எழுதினேனே."

"எங்க எழுதின?"

"குழுவுலதான். வேற எங்க எழுதறது?"

கமா போனை எடுத்தான். பச்சைப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தான். கை அப்படிப் பழகியிருந்தது. பிறகு அதை மூடிவிட்டுக் குழுவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனான். கூட்டல், நட்சத்திரம், ஓகே, கூட்டல், கழித்தல், நட்சத்திரம், நட்சத்திரம். இரவு நட்சத்திரங்கள் எல்லாமே அவள் போட்டவை, ஒன்றுகூட வேறு யாருடையதும் இல்லை. அதன் நடுவில் ஒரு வரி தனியாக நின்றது.

"படிங்க" என்றாள் அவள். "எல்லாரும் கேக்கட்டும்."

அவன் படித்தான். "ராத்திரி என்னால முடியல. யாராவது ஒருத்தர் வந்து படுத்துக்க முடியுமா."

இன்னும் கீழே வந்தான். "இன்னிக்கு அப்பாகிட்ட கத்திட்டேன். அவரே என்னை இல்லத்துக்கு அனுப்பிடு பாப்பான்னு கேக்கறார். ரெண்டு மூணு நாளாக் கேக்கறார். ஒக்காந்து பேசலாமா."

அதற்கடுத்தது நான்கு நாள் கழித்து வந்திருந்தது. அதையும் படித்தான். "யாரும் ஒண்ணும் சொல்லல. சரி."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் தன் போனை எடுத்துப் பார்த்தார், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே. "நான் சத்தத்தை அணைச்சு வச்சிருந்தேன்மா" என்றார்.

கமா அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் வாயில் வந்ததோ தொழில் பேச்சு. "அது... முன்னால அடையாளம் இல்லாத வரி. அதனால பக்கத்துல வராது. நிரல் அதைத் தள்ளிடும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எந்த அடையாளம் போட்டிருக்கணும்?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். "கூட்டலா, கழித்தலா? நானும் யோசிச்சேன். எதுவும் சரியா வரல. அதான் சும்மா எழுதினேன்."

 உள்ளே சலவை இயந்திரம் சுற்றி முடித்துவிட்டு நின்றது.

"எனக்கு நிரல் தள்ளினதெல்லாம் தெரியாது" என்றாள். "நீங்க மூணு பேரும் படிச்சிட்டுத்தான் சும்மா இருக்கீங்கன்னு நினைச்சேன். அண்ணனுக்குக் கோபம், நான்தான அன்னிக்கு வீராப்பாப் பேசினேன், இப்போ அனுபவிக்கட்டும்னு இருக்கார்னு நினைச்சேன். சின்னவளுக்கு அவ ஷிஃப்ட்டே பெரும்பாடு." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிடறீங்க. பக்கத்தக் காட்டறீங்க. எல்லாம் பச்சைங்கறீங்க. இவரும் படிச்சிட்டு ஒரு வார்த்தை கேக்கலயேன்னு நினைச்சுக்கிட்டே உங்களுக்குச் சோறு போட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், எழுந்துபோய்த் தோளைத் தொட்டிருக்கலாம். அவள் முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள், வேர்வையைத் துடைப்பது போல.

"என் வாயால நேர்ல ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்றதுக்கு நீங்க வரும்போது எனக்குத் தெம்பு இருக்கறதில்ல. எழுதறதுதான் சுலபமா இருந்துச்சு. நீங்கதான சொன்னீங்க, எப்பவும் எழுதற மாதிரி எழுதினாப் போதும்னு."

பெரியவர் எழுந்து தங்கையின் அருகில் வந்து உட்கார்ந்தார். மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில நானே போய் இல்லத்துல பேசிட்டு வரேன்" என்றார். "அதுவரைக்கும் ராத்திரிக்கு நான் வந்து படுத்துக்கறேன். இன்னியிலேர்ந்து."

"நானும் வரேன்க்கா" என்றாள் சின்னவள். "ஷிஃப்ட்ட மாத்திக்கறேன்."

திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் ஆகியிருந்தது. அதற்கு யாரும் பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது, தானாக எழுந்தாள். கமா அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டான். "நீ ஒக்காரு. நான் போறேன்" என்றான். அவள் மறுக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் வலித்தது.

அறைக்குள் மாமனார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண் கதவின் மேலேயே இருந்தது. கமா தலையணையைச் சரி செய்து, ஒரு கையை அவர் தோளுக்குக் கீழும் இன்னொரு கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்துத் தூக்கப் பார்த்தான். இத்தனை நாளில் இதை அவன் தனியாகச் செய்தது இல்லை. கிழவர் மெலிந்த உடம்புதான், ஆனாலும் இப்படிக் கனக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. முதல் தடவை முடியவில்லை. மூச்சுப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவைதான் அவரை இடப் பக்கமாகத் திருப்ப முடிந்தது. முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"சொல்லிட்டாளா?" என்று கேட்டார் மாமனார்.

"சொல்லிட்டா, மாமா."

 அடுத்த வார்த்தை நாக்கில் வந்து நிற்க நேரமாயிற்று. கமா காத்திருந்தான்.

"என்னைத் தூக்கும்போது... அவ கை நடுங்குது" என்றார். "ரொம்ப நாளா. எனக்கு... தெரியுது. உனக்கு... தெரியல?"

"தெரியல, மாமா" என்றான் கமா.